சாவி யாரிடம் இருக்கும்?

கேள்வி: ஐயா, சிவகங்கை மாவட்டத்தில் ஒரு சின்னப் பேரூராட்சி எங்கள் ஊர். நான் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் பதினான்கு பேர் சேர்ந்து ஊர் நடுவில் இருக்கும் ஊருணியைச் சுத்தம் செய்ய ஆரம்பித்தோம். கருவேலத்தை வெட்டினோம், பிளாஸ்டிக்கை அள்ளினோம், ஜூன் மாதம் சுற்றி 200 மரக்கன்று நட்டோம். வாட்ஸ்அப் குழுவில் இப்போது 230 பேர். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வருவது ஐந்து பேர். போன மழைக்கு ஊருணியில் முழங்கால் தண்ணீர்கூட நிற்கவில்லை, கன்றுகளில் முப்பதுதான் மிச்சம். பேரூராட்சிக்கு நான்கு மனு கொடுத்தும் பதில் இல்லை. வசூல் என் கடை கியூஆர் கோடில்தான் வருகிறது, போன மாதம் ஒருவர் குழுவிலேயே "கணக்கு எங்கே" என்று கேட்டுவிட்டார், மனசே விட்டுப்போய்விட்டது. சிங்கப்பூரில் இருக்கும் ஊர்க்காரர்கள் சங்கமாகப் பதிவு செய்தால் பெரிய தொகை தருவதாகச் சொல்கிறார்கள். பஸ் ஸ்டாண்டில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை கட்டவும் ஆசை. தொடரலாமா, விட்டுவிடலாமா?
ச., சிவகங்கை மாவட்டம்

தம்பி,

முதலில் அந்தக் கணக்கு விஷயத்தை முடித்துவிடுவோம், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் உங்களை உறுத்துகிறது என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. கேட்டவர் மேல் கோபப்படாதீர்கள். கேட்ட இடம் தப்பாக இருக்கலாம், கேட்டது சரி. கவுண்டரில் ஒட்டியிருக்கும் ஒரே கியூஆர் கோடில் ஒருவர் இருமல் மருந்துக்கு 85 ரூபாயும் அடுத்தவர் ஊருணிக்கு 500 ரூபாயும் போடுகிறார் என்றால், ராத்திரி ஷட்டரை இறக்கும்போது எது எது என்று உங்களுக்கே பிரித்துச் சொல்ல முடியாது, அப்புறம் வருமான வரிக்காரர் கேட்டாலும் முடியாது. நாளைக்கே போய் இரண்டு பேர் பெயரில் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்குங்கள், அந்த இரண்டு பேரும் ஒரே தெருவாகவோ ஒரே சொந்தமாகவோ இருக்க வேண்டாம், இரண்டு கையெழுத்தும் விழுந்தால்தான் பணம் வெளியே போகும் என்று எழுதிக் கொடுங்கள். அப்புறம் டீக்கடைச் சுவரில் ஒரு கரும்பலகை. வரவு, செலவு, இருப்பு, மூன்று வரி போதும். நான் வேலை பார்த்த ஒரு ஊரில் பையன்கள் இப்படி ஒரு பலகை வைத்திருந்தார்கள், கடைசி வரியில் "மண் கூடை 2 – காணவில்லை" என்று எழுதியிருந்தது. டீ குடிக்க வந்தவர்கள் எல்லாம் அதைப் படித்துச் சிரித்தார்கள். காணாமல் போன கூடையையே எழுதி வைக்கிறவன் பணத்தில் கை வைக்க மாட்டான் என்று அந்தச் சிரிப்பிலேயே ஊர் முடிவு செய்துவிட்டது. ஒரு கூடை இரண்டாம் நாளே பலகைக்குக் கீழே வந்து உட்கார்ந்திருந்தது, அது வேறு கதை.

நான் இருபத்தேழு வருடம் பேரூராட்சிகளில் குப்பை கொட்டியவன், கடைசிப் பன்னிரண்டு வருடம் செயல் அலுவலராக இருந்து ஓய்வு பெற்றேன். அதனால் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன் என்ன நினைப்பான் என்பதும் எனக்குத் தெரியும், அதையும் மறைக்காமல் சொல்கிறேன். தொடரலாமா என்று கேட்டீர்கள். தொடரலாம். ஆனால் இதுவரை செய்த மாதிரி இல்லை. எந்த வேலையைத் தொடுவதற்கு முன்னாலும், முடிந்த பிறகு இதன் சாவி யாரிடம் இருக்கும் என்று கேளுங்கள். பதிலாக ஒரு ஆளின் பெயர் வரவில்லையா, அந்த வேலையை இப்போதைக்குத் தொடாதீர்கள்.

ஏன் இதைப் போய் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நீங்கள் ஆசைப்படுகிற அதே கழிப்பறையை இன்னொரு ஊரில் கட்டிப் பார்த்தாகிவிட்டது. வியாபாரிகளும் இளைஞர்களும் காசு போட்டுக் கட்டினார்கள். டைல்ஸ், மேலே தொட்டி, வெளியில் பளிச்சென்று பெயர்ப்பலகை, மேளதாளத்தோடு திறப்பு விழா. நான்காவது மாதம் பூட்டு தொங்கியது. மோட்டாருக்கு மின்கட்டணம் யார் கட்டுவது என்று யாரும் பேசி வைக்கவில்லை. சுத்தம் செய்யப் பேரூராட்சி ஆள் வருவார் என்று இவர்கள் நினைத்துக்கொண்டார்கள். கட்டடத்தை முறைப்படி எங்களிடம் ஒப்படைக்கவே இல்லையே, அது எங்கள் சொத்துப் பதிவேட்டிலேயே இல்லை, நாங்கள் எப்படி ஆள் போடுவது என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். சொன்ன அதிகாரி நான்தான். விதிப்படி நான் சொன்னது சரி, அதைக் கட்டும்போதே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம் என்பதும் சரி. நாற்றம் தாங்காமல் பக்கத்து டீக்கடைக்காரரே ஒரு பூட்டு வாங்கிப் போட்டு, சாவியைத் தன் கல்லாப்பெட்டியில் வைத்துக்கொண்டார். கேட்டால் கொடுப்பார், நல்ல மனிதர். ஆனால் பெஞ்சில் எட்டு ஆண்கள் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற இடத்தில் போய் எந்தப் பெண் கழிப்பறைச் சாவி கேட்பாள்? ஒருத்தியும் கேட்கவில்லை. ஒன்றரை வருடம் கழித்து அந்தச் சாவி எதிரில் பூ கட்டி விற்கிற ஒரு அம்மாவின் கூடைக்கு மாறிய பிறகுதான் அது கழிப்பறை ஆனது. அந்த அம்மாவுக்கு மாதம் ஒரு தொகை வியாபாரிகள் கொடுத்தார்கள், தண்ணீரும் மின்சாரமும் மன்றத் தீர்மானம் போட்டுப் பேரூராட்சி ஏற்றுக்கொண்டது. கட்டடம் கட்ட மூன்று மாதம், சாவி சரியான கைக்குப் போக ஒன்றரை வருடம்.

ஆகவே கழிப்பறையைத் தள்ளி வையுங்கள், ஊருணிக்கு வருகிறேன்.

முழங்கால் தண்ணீர்கூட நிற்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு கேள்வி. ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால், அந்த வரத்துக்காலைப் பார்த்தீர்களா? கடிதத்தில் அந்த வார்த்தையே இல்லை. ஊருணி ஒரு பாத்திரம், நீங்கள் அதைத் துலக்கி வைத்துவிட்டீர்கள், குழாயைத் திறக்கவில்லை. உங்கள் பக்கத்து ஊருணிகளுக்குத் தண்ணீர் வானத்திலிருந்து நேராக விழுந்து நிறைவதில்லை, மேட்டுப் பக்கத்து பொட்டலில் விழுகிற மழை ஓடி வர வேண்டும், அல்லது கண்மாய் நிறைந்து, மிஞ்சிய தண்ணீர் கலுங்கு தாண்டி மறுகால் பாய்ந்து வர வேண்டும். அந்த வழியில் எங்கேயோ ஒரு சிமெண்ட் ரோட்டை ஒரு அடி உயர்த்திப் போட்டிருப்பார்கள், ஒரு குழாய்ப் பாலம் மண் மூடிக் கிடக்கும், ஒரு வீட்டுக் காம்பவுண்டு நான்கு அடி வெளியே வந்திருக்கும். பிளாஸ்டிக் பொறுக்குவது கண்ணுக்குத் தெரிகிற வேலை, படம் எடுத்துப் போடலாம். வரத்துக்கால் வேலை அப்படியில்லை. கூச்சமான வேலை, ஏனென்றால் அந்தக் காம்பவுண்டு பெரும்பாலும் தெரிந்தவருடையதாக இருக்கும். அதிலிருந்து ஆரம்பிக்காதீர்கள், மண் மூடிய பாலத்திலிருந்து ஆரம்பியுங்கள், தண்ணீர் ஓட ஆரம்பித்துவிட்டால் காம்பவுண்டுக்காரர் முன்பக்கம் அதுவே போய் நிற்கும், அப்போது பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. ஜேசிபி விட்டு ஆழப்படுத்தினீர்களா? ஊருணியின் அடியில் களிமண் படுகை இருக்கும், நம் முன்னோர்கள் அதை நம்பித்தான் அந்த இடத்தில் தோண்டினார்கள். ஆர்வத்தில் இன்னும் இரண்டடி என்று தோண்டி அந்தப் படுகையைக் கிழித்து மணலைத் தொட்டுவிட்டால், அப்புறம் எவ்வளவு தண்ணீர் வந்தாலும் ஓட்டைப் பானைதான். அப்படி ஆகியிருந்தால் களிமண் கொண்டுவந்து பரப்பி மிதித்து இறுக்க வேண்டும், ஊரில் வயதான கொத்தனார் யாராவது இருந்தால் கேளுங்கள், தெரிந்திருக்கும். இனிமேல் ஒரு கூடை மண் வெளியே போவதாக இருந்தாலும் கையில் அனுமதி இருக்கட்டும். விவசாயத்துக்கும் மண்பாண்டத்துக்கும் குளம் கண்மாய்களில் வண்டல் எடுக்க வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று 2024ல் ஆக்கினார்கள், நன்செய் என்றால் ஏக்கருக்கு 75 கனமீட்டர், புன்செய்க்கு 90 என்று அளவும் உண்டு. உங்கள் ஊருணி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று தாலுகா ஆபீசில் கேளுங்கள். கேட்காமல் அள்ளினால் அது கனிமத் திருட்டு, டிராக்டரைப் பிடித்துக்கொண்டு போய் ஸ்டேஷனில் நிறுத்திவிடுவார்கள், நல்ல எண்ணத்தில்தான் சார் அள்ளினோம் என்று அங்கே சொல்லிப் பயனில்லை.

கருவேலத்தை வெட்டினோம் என்றீர்கள். வெட்டியிருந்தால் இந்நேரம் நான்கு பங்காகத் துளிர்த்திருக்குமே. சீமைக் கருவேலத்தைத் தரையோடு அறுப்பது அதற்கு முடி வெட்டிவிடுகிற மாதிரி, தூரோடு பிடுங்கினால்தான் உண்டு. அது மழைக்கு அப்புறம் மண் இளகியிருக்கும்போது செய்கிற வேலை.

ஊருணிக்குள் வீட்டுச் சாக்கடை வந்து விழுகிறதா என்பதையும் பாருங்கள். விழுந்தால் அந்தப் பகுதிக்குள் யாரும் இறங்க வேண்டாம், உங்கள் பையன்களும் வேண்டாம், காசு கொடுத்து வேறு யாரையாவது இறக்குவதும் வேண்டவே வேண்டாம். சாக்கடைக் குழியிலும் மலக்கழிவுத் தொட்டியிலும் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது 2013 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சேவை என்ற பெயரில் நடக்கும்போது இது ஒருவர் கண்ணிலும் படுவதில்லை. சாக்கடையைத் திருப்பிவிடுவது பேரூராட்சியின் வேலை, அதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

சரி, மனுவுக்கு வருவோம். நான்கு மனு கொடுத்தீர்கள், நான்கிலும் என்ன கேட்டீர்கள்? "ஊருணியைச் சீரமைத்து நடைபாதை, மின்விளக்கு, வேலி, படித்துறை அமைத்துத் தர ஆவன செய்யுமாறு" என்று இருந்திருக்கும். இப்படி ஒரு தாளைப் பார்த்ததும் என் கை தானாகவே அதை "நிதி நிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்" கட்டில் வைத்துவிடும். வெறுப்பு ஒன்றும் இல்லை தம்பி. பல செயல் அலுவலர்கள் தங்கள் பேரூராட்சியோடு பக்கத்துப் பேரூராட்சியையும் கூடுதல் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், மேசையில் குடிநீர், தெருவிளக்கு, வரி வசூல், தணிக்கை ஆட்சேபம் எல்லாம் வரிசையில் நிற்கும், இதில் பத்து லட்சம் மதிப்புள்ள ஆசை ஒன்று வந்து விழுந்தால் என்ன செய்வான்?

காசு செலவாகாத ஒன்றைக் கேளுங்கள். ஒரே தாள், ஒரே கோரிக்கை. "புல எண் இன்னது, ஊருணியின் வடக்கு வரத்துக்காலில் உள்ள குழாய்ப் பாலத்தை இன்ன தேதி ஞாயிறு காலை 6 முதல் 9 வரை எங்கள் உழைப்பில் தூர்வார அனுமதியும், எடுத்த மண்ணை அப்புறப்படுத்தப் பேரூராட்சி டிராக்டரை அன்று இரண்டு மணி நேரமும் தர வேண்டும்." இதற்கு முடியாது என்று எழுத எந்த அதிகாரிக்கும் மனசு வராது, எழுதுவதற்குக் காரணமும் கிடைக்காது. புல எண், அதாவது சர்வே நம்பர், முக்கியம். எந்த நிலம் யாருடையது என்று எழுதியிருக்கும் அ-பதிவேட்டின் நகலும் புலப்படமும் எடுத்து இணையுங்கள், அதில்தான் ஊருணி யார் பெயரில் இருக்கிறது என்று தெரியும். பேரூராட்சியா, வருவாய்த் துறையா என்று தெரியாமலே வருடக்கணக்கில் தப்பான வாசலில் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். தண்ணீர் வருகிற கண்மாய் வேறு துறையாக இருக்கும், அதையும் பாருங்கள். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது அதை நம்பிப் பாசனம் பெறுகிற நிலம், இருந்தால் பொதுவாக நீர்வளத் துறை, அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியம்.

அப்புறம், வாய்வார்த்தையை நம்பாதீர்கள். "செஞ்சுடுவோம் தம்பி" என்று சொன்ன அதிகாரி மாறுதலில் போகும்போது அந்த வார்த்தையும் அவரோடு போய்விடும், தீர்மானப் புத்தகம் ஊரிலேயே இருக்கும். உங்கள் வார்டு உறுப்பினரைப் பிடித்து மன்றக் கூட்டத்தில் ஒரு பொருளாக வைக்கச் சொல்லுங்கள், ஊருணி பராமரிப்பில் உங்கள் குழு என்ன செய்யும், பேரூராட்சி என்ன செய்யும் என்று நான்கு வரித் தீர்மானம் போதும், அதன் நகலை வாங்கி பிரேம் போட்டு மாட்டுங்கள். கிராம சபை பேரூராட்சியில் கிடையாது, அதற்குப் பதிலாக 2022க்கு அப்புறம் நகர்ப்புற உள்ளாட்சிகளில் வார்டுக் குழு, பகுதி சபை என்று கொண்டுவந்தார்கள். உங்கள் ஊரில் அது நடக்கிறதா என்று விசாரியுங்கள், நடந்தால் ஐந்து பேரும் போய் உட்காருங்கள். இவ்வளவுக்கும் அசையவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டம் இருக்கிறது, தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது, பத்து ரூபாய்தான், முப்பது நாளில் பதில் தர வேண்டும். ஆனால் இவை கடைசியில். எடுத்தவுடன் தகவல் உரிமை மனு போட்டால் அலுவலகத்தில் உங்களுக்கு ஒரு பெயர் வைத்துவிடுவார்கள், அந்தப் பெயர் போகப் பத்து வருடம் ஆகும்.

பேனரில் தலைவர் படம் வேண்டும், எம்எல்ஏ படம் வேண்டும் என்று யாராவது கேட்டால் சண்டை போடாதீர்கள். அவர்கள் காசில் அவர்கள் வைத்துக்கொள்ளட்டும், ஊருணிக் காசில் பேனர் கிடையாது, இது ஒன்றுதான் விதி. திறந்து வைப்பதற்கு அவரைக் கூப்பிடுங்கள், சால்வையும் போடுங்கள். வந்து திறந்து வைத்தவருக்கு அது பாழாகாமல் பார்த்துக்கொள்ள ஒரு சின்னக் கட்டாயம் வரும்.

நடைபாதை, வேலி என்று காசு தேவைப்படுகிற வேலைக்கு நமக்கு நாமே திட்டம் என்று ஒன்று இருக்கிறது. 1997-98ல் தொடங்கியது, நடுவில் வேறு பெயரில் ஓடி, 2021-22ல் திரும்பவும் இதே பெயரில் நகர்ப்புறத்துக்கும் வந்தது. பொதுவான வேலைகளுக்கு மதிப்பீட்டுத் தொகையில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட வேண்டும், மிச்சம் அரசு. வேலையைப் பொறுத்துப் பங்கு மாறும், ஆகவே தற்போதைய அரசாணையைப் பேரூராட்சிகள் உதவி இயக்குநர் அலுவலகத்தில் ஒரு தடவை கேட்டுவிட்டு வசூலில் இறங்குங்கள். நூறு நாள் வேலை ஆட்களை விடச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் அதை நம்பி அலையாதீர்கள், அது கிராம ஊராட்சிக்கு உரியது, பேரூராட்சி எல்லைக்குள் வராது. சின்ன ஊர்களின் சங்கடமே இதுதான், பார்த்தால் கிராமம், பதிவேட்டில் நகரம்.

இப்போது ஆட்கள். பதினான்கு ஐந்தாகிவிட்டது என்று வருத்தப்படுகிறீர்கள். ஐந்து பேர் போதும், உண்மையாகச் சொல்கிறேன். வாரா வாரம் ஞாயிறு காலை நான்கு மணி நேரம் என்று வைத்தால் ஐந்து பேர் வருவதே அதிசயம், கறி எடுக்கப் போக வேண்டும், வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள், பெண்டாட்டி கேட்க மாட்டாரா? மாதம் ஒரு ஞாயிறு, இரண்டு மணி நேரம், எட்டு மணிக்கு முடியும் என்று சொன்னால் எட்டு மணிக்கு முடித்துவிடுங்கள், வேலை பாதியில் நின்றாலும் சரி. நேரத்துக்கு விடுகிற இடத்துக்குத்தான் ஆட்கள் திரும்பி வருவார்கள். வராதவர்களை வாட்ஸ்அப்பில் குத்திக்காட்டிப் பதிவு போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், எல்லாரும் ஒரு தடவை போடுவார்கள், இனி வேண்டாம். அந்த 230 பேரில் மண்வெட்டி பிடிக்க முடியாதவர்கள் பாதி இருப்பார்கள். ரிட்டயர்டு வாத்தியார் மனு எழுதலாம், வெல்டிங் பட்டறைக்காரர் கன்றுக்குக் கூண்டு அடிக்கலாம், மினி லாரிக்காரர் திரும்பி வரும் வழியில் ஒரு நடை மண் ஏற்றலாம். "எல்லாரும் வாருங்கள்" என்று கூப்பிட்டால் ஒருவரும் வர மாட்டார். "அண்ணே, நாலு கூண்டு வேணும், பழைய கம்பி போதும்" என்று நேரில் போய்க் கேட்டால் வேலை நடக்கும்.

இன்னும் இரண்டு கேள்வி, கோபப்படாமல் கேளுங்கள். உங்கள் பதினான்கு பேரில் பெண்கள் எத்தனை பேர்? கடிதத்தில் இல்லை, அதனால் ஒருவரும் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். ஊருணிக் கரையில் தினமும் நடக்கிறவர்கள், குப்பை யார் கொட்டுகிறார்கள் என்று கண்ணால் பார்க்கிறவர்கள் அவர்கள்தான். மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டத்துக்கு நீங்கள் போய்ப் பதினைந்து நிமிடம் கேட்டு வாங்கிப் பேசுங்கள், அவர்களை டீக்கடைக்குக் கூப்பிடாதீர்கள். இரண்டாவது கேள்வி, காலனிப் பக்கத்திலிருந்து எத்தனை பேர்? ஊருணியில் அந்தப் பக்கத்து ஆட்கள் இறங்கக் கூடாது என்று ஒரு காலம் இருந்திருந்தால், அந்த ஞாபகம் உங்களுக்கு இல்லாவிட்டாலும் அவர்களுக்கு இருக்கும். குப்பை அள்ள மட்டும் கூப்பிட்டு, பலகையில் பெயர் போடும்போது மறந்துவிட்டால் அது சேவையே இல்லை. இரண்டு கையெழுத்து என்று சொன்னேனே, அதில் ஒன்று அந்தத் தெருவிலிருந்து இருந்தால் என்ன என்று யோசியுங்கள்.

தஞ்சாவூர் மாவட்டத்துப் பேராவூரணிக் கதை கேள்விப்பட்டிருப்பீர்கள், உங்கள் குழுவிலும் யாராவது அந்த வீடியோவைப் போட்டிருப்பார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையை எல்லாம் சாய்த்துவிட்டுப் போன பிறகு அந்தப் பகுதி இளைஞர்களும் விவசாயிகளும் சேர்ந்து 564 ஏக்கர் பெரியகுளத்தைத் தூர்வாரினார்கள். பெரிய காரியம். ஆனால் அதைப் பார்த்துவிட்டு நம்மால் ஏன் முடியவில்லை என்று மனசு உடைய வேண்டாம். அது கல்லணைக் கால்வாய்த் தண்ணீர் கடைசியாக வந்து சேர்கிற கடைமடை, குளம் நிறைந்தால் வயலுக்குத் தண்ணீர் என்று நேரடியாகக் கணக்குப் பார்க்கத் தெரிந்த விவசாயிகள் பின்னால் இருந்தார்கள், விழுந்த தென்னை கண் முன்னால் கிடந்தது. உங்கள் ஊருணியை நம்பி இன்று யார் இருக்கிறார்கள்? குழாய்த் தண்ணீர் வந்த பிறகு யாரும் குடிக்க எடுப்பதில்லை. நிறைந்தால் சுற்றியுள்ள வீட்டு போர்வெல்லில் தண்ணீர் ஏறும், அதுதான் உங்கள் ஆயக்கட்டு. எந்த வீட்டில் மே மாதம் போர் வற்றுகிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள், அந்த வீட்டுக்காரர்கள்தான் உங்கள் ஆட்கள். ஊர்மக்களே சேர்ந்து நீர்நிலையைச் சீர்செய்கிற குடிமராமத்தை 2017ல் அரசு திரும்பக் கொண்டுவந்தபோதும் பாசன விவசாயிகள் பத்து சதவீதம் பங்கு தர வேண்டும் என்று வைத்தது இதற்காகத்தான், பல இடங்களில் அந்தப் பத்து காகிதத்தோடு நின்றுவிட்டது என்று புகார் உண்டு என்றாலும் எண்ணம் சரியான எண்ணம்.

கன்றுகள். ஜூனில் 200 வைத்தது ஆர்வக்கோளாறு. உங்கள் மாவட்டத்தில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபரில் வையுங்கள், வேம்பு, புங்கன், பூவரசு, நாவல், இருபது போதும், ஒவ்வொன்றுக்கும் எதிர் வீட்டுக்காரர் ஒருவர் பெயர், இரண்டு கோடை தண்ணீர் ஊற்ற ஒப்புக்கொண்டவர் மட்டும். மிச்சமிருக்கிற முப்பதையும் விட்டுவிடாதீர்கள், ஒன்றரை வருடம் தாங்கிய கன்று அது, புதிதாக வைக்கும் நூறுக்குச் சமம்.

சிங்கப்பூர்ப் பணத்தில் கொஞ்சம் நிதானம். அங்கே வேலை பார்க்கிறவர் இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்தால் அவர் தருவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது, வங்கி வழியாக வாங்கலாம். அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் என்றால், பூர்வீகம் இந்த ஊராகவே இருந்தாலும், அவர் உங்கள் சங்கத்துக்குத் தருவது வெளிநாட்டு நன்கொடைதான், அதற்கென்று தனிப் பதிவு வேண்டும். அந்தப் பதிவுக்குப் பொதுவாக மூன்று வருடம் இயங்கி, அதில் பதினைந்து லட்சம் செலவு செய்து காட்டியிருக்க வேண்டும். உங்களுக்கு அது இப்போது ஆகிற காரியமில்லை. அவர்களிடம் பணிவாகச் சொல்லிவிடுங்கள், தம்பியோ மச்சானோ இங்கே இருந்தால் அவர் வந்து ஞாயிறு இரண்டு மணி நேரம் நிற்கட்டும்.

சங்கப் பதிவு கஷ்டமில்லை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975ன் கீழ் ஏழு பேர் இருந்தால் மாவட்டப் பதிவாளரிடம் பதியலாம். கஷ்டம் அப்புறம்தான், வருடா வருடம் பொதுக்குழு, கணக்குத் தணிக்கை, பதிவாளருக்கு அறிக்கை, நிர்வாகி மாறினால் அதற்கொரு படிவம். தாக்கல் செய்யாமல் நான்கு வருடம் விட்டுவிட்டு அபராதத்தோடு முழிக்கிற சங்கங்கள் எக்கச்சக்கம். நன்கொடையாளருக்கு வருமான வரிச் சலுகை வேண்டுமென்றால் வருமான வரித் துறையிடம் அதற்கென்று தனியாகப் பதிவு வாங்க வேண்டும், ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் அதற்குச் சலுகை கிடையாது. இதையெல்லாம் உட்கார்ந்து பார்க்க ஒரு ஆள், பெயர் சொல்லக்கூடிய ஒரு ஆள், உங்களிடம் இருந்தால் பதியுங்கள். ஒரு ஆடிட்டர் ஆபீஸ் பையனோ கூட்டுறவு வங்கியில் ரிட்டயர் ஆனவரோ அகப்பட்டால் விடாதீர்கள். அகப்படும்வரை கூட்டுக் கணக்கும் கரும்பலகையும் ஓடட்டும், தொகை பெரிதாகிற மாதிரி தெரிந்தால் மட்டும் பதிவைத் தள்ளிப்போடாதீர்கள்.

பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிறவரோ பழக்கடை வைத்திருப்பவரோ ஒரு பெண் இருக்கிறாரா என்று இப்போதே பார்த்து வையுங்கள். கழிப்பறை பற்றி அவரிடம் மட்டும் பேசுங்கள், பொறியாளரிடம் பிறகு போகலாம்.

அடுத்த ஞாயிறு யாரையும் கூப்பிடாதீர்கள். கடையை வீட்டில் யாரிடமாவது விட்டுவிட்டு, ஊருணியின் வடக்குக் கரையில் ஆரம்பித்து வரத்துக்கால் எங்கே போகிறதோ அங்கே வரை தனியாக நடந்து பாருங்கள், எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் கூட வந்தால் இன்னும் நல்லது, பழைய பாதை அவர் காலுக்குத் தெரியும். எங்கெங்கே அடைத்திருக்கிறது என்று ஒரு தாளில் கோடு போட்டு எனக்கு எழுதுங்கள். எத்தனை அடைப்பு, அதில் எத்தனை மண், எத்தனை சுவர் என்று தெரிந்தால்தான் அடுத்து என்ன மனு எழுதுவது என்று என்னால் சொல்ல முடியும்.